கண்ணாடி பிடிக்கும்போது கை நீட்டக் கூடாது

தேர்தல் முடிந்து, தெருவில் ஒட்டிய படங்களெல்லாம் மழையில் ஊறி உரிந்துவிட்டன. கண்ணாடிக் கடைக்காரர் முகத்தில் ஒட்டிய கடுகடுப்பு மட்டும் உரியவேயில்லை. காரணம், மனைவியின் தம்பி. ஒரே கண்ணாடியின் இரண்டு முனையைப் பிடித்துப் பிழைப்பவர்கள்தான் இருவரும். ஆனால் அவர் பழைய கட்சி, மச்சான் புதுக் கட்சி. கடைத்தெருவை இடித்துவிட்டுக் குடியிருப்பு கட்டுவோம் என்று புதுக் கட்சி அறிவித்த அன்று நடந்த சண்டையில் ஒரு தண்ணீர்க் குவளையும் இருவரின் பேச்சுவார்த்தையும் உடைந்தன.

பேசாமல் கண்ணாடி தூக்க முடியுமா? தூக்கினார்களே! கடைக்காரர் பின்பக்கமாக நடப்பார். மச்சான் வழி பார்த்து, விரலால் கண்ணாடியைத் தட்டுவான். ஒரு தட்டு என்றால் படி, இரண்டு என்றால் திரும்ப வேண்டும். நல்லவேளை, கட்சிக் கொள்கையைத் தட்டிச் சொல்ல வழியில்லை.

இதற்கிடையில், மாதக் கடைசியில் வேறு வேலைக்குப் போவதாக மச்சான் அக்காவிடம் சொல்லிவிட்டான். விஷயம் காதுக்கு வந்ததும் "போகட்டுமே" என்று தாராளமாகச் சொன்ன கடைக்காரர், அன்று சோற்றில் கை வைக்கவில்லை. எதிர்முனையில் வேறொருவனை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. 'போகாதே' என்று சொல்ல வாய் வந்தால்தானே? அந்த வாய்க்கு அவ்வளவு கௌரவம்.

மறுநாள் முடிதிருத்தகத்தின் முகப்புக்குப் புதுக் கண்ணாடி. வாசலில் மச்சான் தட்ட மறந்துவிட்டான்.

"அத்தான், படி!"

"கத்தாதே. எனக்குக் காது கேக்குது."

"கத்தலைன்னா இந்நேரம் கண்ணாடி உங்க மடியில இருந்திருக்கும்."

சட்டத்தில் பொருத்தியபின், பசை பிடிக்கும்வரை உள்ளே ஒருவர், வெளியே ஒருவர் உள்ளங்கையை அழுத்தி நிற்க வேண்டும். கடைக்காரர் உள்ளே நின்றார். அவர் தலைக்கு மேலே, 'இங்கு அரசியல் பேசக் கூடாது' என்று பலகை. முடிதிருத்துபவர் அதைப் பார்த்தார், இவர்களைப் பார்த்தார், கதவை நன்றாகத் திறந்து வைத்தார்.

"பலகை, நாற்காலியில உக்கார்றவங்களுக்குத்தான். நீங்க நின்னுக்கிட்டுத்தானே இருக்கீங்க? பேசுங்க, பேசுங்க."

"என் கடையை இடிக்கிறவனுக்கா ஓட்டுப் போட்ட?" என்றார் கடைக்காரர்.

"இடிக்கச் சொல்லியா போட்டேன்? வீடு தரேன்னாங்க, போட்டேன்."

கடைக்காரரின் ஆள்காட்டி விரல் துடித்தது. நீட்டினால் கண்ணாடி போய்விடும். மச்சானுக்கும் வழக்கம்போல் விருட்டென்று கிளம்ப வழியில்லை. அந்தக் குடும்பத்தில் முதன்முறையாக, ஒருவர் பேசி முடிக்கும்வரை இன்னொருவர் கேட்க வேண்டியதாயிற்று.

"உங்களுக்கென்ன அத்தான், சொந்த வீடு. எனக்கு எப்ப காலி பண்ணச் சொல்வாங்களோன்னு சுவத்துல ஆணி அடிக்கவே பயம். கல்யாணப் போட்டோ இன்னும் பெட்டிக்குள்ளதான் கிடக்கு."

அந்தப் படத்துக்குக் கண்ணாடி போட்டுக் கொடுத்தவரே கடைக்காரர்தான். மாட்டாததை மச்சானின் திமிர் என்றே இத்தனை நாள் கணக்கில் வைத்திருந்தார்.

"இதை ஏண்டா சொல்லலை?"

"நீங்க எங்க பேச விட்டீங்க?"

கடைக்காரரின் குரல் இறங்கியது. "கடை போனா எனக்கு வேற தொழில் தெரியாதுடா."

இடி முழங்கக் கொள்கை பேசும் மனிதரிடமிருந்து இப்படியொரு குரலை மச்சான் கேட்டதேயில்லை. "அதை நான் யோசிக்கலை அத்தான்" என்றான்.

"பசை அப்பவே பிடிச்சிருச்சு" என்றார் முடிதிருத்துபவர், மனமேயில்லாமல். இருவரும் கையை எடுக்கவில்லை.

"நான் ஓட்டை மாத்திக்க மாட்டேன்" என்றான் மச்சான்.

"உன்னை யாரு கேட்டா? வேலையை மாத்திக்காதே, போதும்."

திரும்பும்போது பழைய விரிசல் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டார்கள். இந்த முறை பின்பக்கமாக நடந்தவன் மச்சான். "பள்ளம்டா, பார்த்து! அந்தப் பள்ளத்தை வெட்டினதே உங்க கட்சிக்காரன்தான்!" "மூடாம விட்டது யாரு அத்தான்?" என்று தெருமுனை வரை ஒரே அமர்க்களம்.

கண்ணாடிக் கடை வாசலுக்கு ஓடிவந்த அக்கா இரண்டு பேரையும் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே தலையில் அடித்துக்கொண்டாள்.

"இதுக்கு அந்தத் தட்டுற சத்தமே தேவலை!"