பத்திரமாக வைத்த ஜெனரேட்டர்

தெருவில் அவருக்குப் 'பத்திரம்' என்று பெயர். டிவி ரிமோட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை, அந்த உறை கிழியாமலிருக்க அதற்கு மேல் இன்னோர் உறை போடுகிற மனுஷர். வாய்க்கு வாய் 'பத்திரம், பத்திரம்' என்பார். பெயர் வைத்ததே அவர் மனைவிதான்; தெரு சந்தோஷமாகப் பிடித்துக்கொண்டது.

மீன்கள் அவளுடையவை. பின்னறை முழுக்கத் தொட்டி, எல்லாம் தங்கமீன். வாங்கி விற்கிற சரக்கில்லை. சோடி சேர்த்து, குஞ்சு பொரிக்க வைத்து, வால் கோணலானதைக் கழித்து, வருஷக்கணக்காகப் பாடுபட்டு, வெள்ளை உடம்பில் கறுப்பு வால் வருகிற ஒரு வம்சத்தையே உண்டாக்கியிருந்தாள். உலகத்தில் வேறு எவரிடமும் இது கிடையாது என்பாள். அவள் சொன்னால் அப்படித்தான், அவளிடம் யார் வாய் கொடுப்பது?

அத்தனை தொட்டிக்கும் காற்று ஊதுவது ஒரே மோட்டார். அது நின்றால் மீனுக்கு மூச்சு முட்டும். அதற்காகத்தான் ஜெனரேட்டர் வாங்கினார்கள். வாங்கிய அன்று ஒருதரம் ஓட்டிப் பார்த்து, டாங்க் நிறைய பெட்ரோல் ஊற்றி, உறை போட்டு மூடினார் பத்திரம்.

"மாசம் ஒரு தடவையாவது ஓட்டச் சொன்னாரே கடைக்காரர்" என்றாள் அவள்.

"சும்மா ஓட்டி எதுக்குத் தேய்க்கணும்? அவசரத்துக்கு இருக்கட்டும்."

இரண்டு வருஷம் அது உறைக்குள்ளேயே கிடந்தது. பிறகு அவசரம் வந்தது. விடிய விடியப் புயல் அடித்து, மரங்கள் கம்பி மேல் சாய்ந்து, காலையில் கரண்ட் போனது. தெருவில் முழங்கால் தண்ணீர். மெக்கானிக்கைக் கூப்பிடவும் வழியில்லை.

பின்வாசல் கூரையின் கீழ் வைத்து அவர் கயிற்றை இழுத்தார். இழுத்து இழுத்துத் தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம். டாங்க்கைத் திறந்தால் பெயிண்ட் வாடை. பழையதை வடித்துவிட்டு ஸ்கூட்டரிலிருந்து பெட்ரோல் எடுத்து ஊற்றினார். அப்புறம் பிடித்துக்கொண்டது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஓடிப்போய், ஜெனரேட்டரிலிருந்து இழுத்த வயரில் மோட்டாரையும் பின்னறை பல்பையும் சொருகினாள்.

வந்த உயிர் நிலைக்கவில்லை. இன்ஜின் உறுமும், அடங்கும், மறுபடி உறுமும். பின்னறை பல்பு மங்கி மங்கி எரிந்தது. மோட்டார் முனகியதே தவிர, தொட்டியில் ஒரு குமிழி கிளம்பவில்லை.

"பழைய பெட்ரோல் பிசினா காஞ்சு கார்பரேட்டர் துளையை அடைச்சிருக்கு. நிறுத்திட்டு, கழட்டித் துடைக்கணும்" என்றார் அவர்.

"எவ்வளவு நேரமாகும்?"

"அரைமணி ஆகும். அவசரப்பட்டா காரியம் கெடும்."

மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. வம்சத்துக்கே மூத்த ஆண் மீன் ஒருபக்கமாகச் சாய்ந்து மிதந்தது. இரண்டு வருஷம் கிடைக்காத அரைமணி இப்போதுதான் கிடைத்ததா இந்த மனுஷனுக்கு? அவள் விறுவிறுவென்று பின்வாசலுக்குப் போய், இன்ஜினின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற நெம்புகோல்மேல் கை வைத்தாள்.

"அதைத் தொடாத. வேகம் எகிறினா கரண்ட்டும் எகிறிடும். சொன்னாக் கேளு, பத்திரம்."

"உங்க பத்திரத்தைக் கொண்டுபோய்க் குப்பையில கொட்டுங்க."

கட்டைவிரலால் தள்ளிப் பிடித்தாள். இன்ஜின் இருமியது, திணறியது. துளையில் இருந்த அடைப்பு அந்த நேரம் பார்த்துத்தானா விட்டுக்கொடுக்க வேண்டும்? ஒரே அலறல். பல்பு வெள்ளை வெளேரென்று எரிந்து வெடித்தது. அவள் கையை எடுப்பதற்குள் பின்னறையிலிருந்து கருகல் நாற்றம் வந்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

அதற்கப்புறம் ஜெனரேட்டர் அருமையாக ஓடியது. ஏற்றமில்லை, இறக்கமில்லை. மோட்டார்தான் கரிந்துபோயிருந்தது. அவர் அதைத் தொட்டுப் பார்த்தார், பிறகு போய் இன்ஜினை நிறுத்தினார்.

ஆளுக்கொரு மக்கை எடுத்துக்கொண்டு, தொட்டித் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து அதிலேயே ஊற்றினார்கள். அப்படிச் செய்தால் கொஞ்சம் காற்று கலக்கும். ஒரு தொட்டிக்கு ஊற்றினால் அடுத்த தொட்டி தவித்தது. நாலு கை எந்த மூலைக்கு? மதியத்துக்குள் மூத்த மீன் போய்விட்டது. அப்புறம் அதன் பிள்ளைகள் ஒவ்வொன்றாக மல்லாந்தன.

சாயங்காலம் கரண்ட் வந்தது. முன்னறையில் விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது. மோட்டார் மட்டும் அசையவில்லை. முன்னறை வெளிச்சத்தில் தொட்டிகள் நன்றாகத் தெரிந்தன. மல்லாந்து கிடந்த கறுப்பு வால்களை எண்ண அவளுக்குத் தெம்பில்லை. ஒரு தொட்டியில் மட்டும் இரண்டு மீன் இன்னும் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன.

"ஒரு வார்த்தை திட்டுங்களேன்" என்றாள்.

"என்னத்தைத் திட்ட? ரெண்டு வருஷம் மூடி வெச்சது நான்தானே."

அவள் மக்கை எடுத்துக்கொண்டு அந்தத் தொட்டிப் பக்கம் ஓடப் போனாள். அறை முழுக்கத் தண்ணீர் சிந்தியிருந்தது. அவர் சட்டென்று அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"பத்திரம். தரை வழுக்குது" என்றார்.

அவள் மெதுவாகவே நடந்தாள். போய்ச் சேர்ந்தபோது இரண்டில் ஒன்றுதான் வாயைத் திறந்துகொண்டிருந்தது.