பன்னிரண்டு மருந்துக் கேன்

இப்போதெல்லாம் ஆட்கள் கண்முன்னால் இருப்பதை நம்புவதில்லை. பெட்டிக்குள் பிடித்துக் காட்டினால்தான் வாயைப் பிளக்கிறார்கள். மலை ஊற்றிலிருந்து குழாயில் வந்து விழும் எங்கள் பீலித் தண்ணீரில் மருந்து வாடை அடிக்கிறது என்று இரண்டு வருஷமாகக் கத்தினேன். ஒரு நாய் திரும்பிப் பார்க்கவில்லை. கலைச்செல்வி டீச்சர் கேமராவோடு வருகிறாள் என்றதும் எங்கள் வரிசை வீட்டு லயமே தலை சீவிக்கொண்டது.

டீச்சர் எங்கள் லயத்துப் பிள்ளைதான். ஓப்பநாயக்கவுக்கு மேலே எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். லீவு விட்டால் படம் எடுக்கப் போய்விடுவாள். கித்துல்கல ஆற்றை எடுத்தாள், இரத்தினபுரி மாணிக்கக் குழிகளை எடுத்தாள். அங்கேயே கிடக்கிற ஆற்றுக்குப் படம் எதற்கு என்று கேட்டால் சிரிப்பாள். இந்தத் தடவை எங்கள் பீலி. ஊற்றுக்கு மேலே புல் சாக மருந்தடிப்பதை நிறுத்துவது பற்றி வெள்ளிக்கிழமை இரத்தினபுரியில் அதிகாரிகள் கூட்டம். அங்கே காட்ட அவளுக்குப் படம் வேண்டும். கேமரா இரவல், ஞாயிறு ஒரு நாள்தான் கையில் இருக்கும்.

துரை வந்தாலும் டாக்டர் வந்தாலும் முதல் நாளே கூட்டிப் பெருக்கி வைப்பது எங்கள் வழக்கம். சனிக்கிழமை நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய் ஊற்றைச் சுற்றிச் சுத்தம் செய்தேன். அங்கே கிடந்த காலி மருந்துக் கேன் பன்னிரண்டையும் பொறுக்கி எடுத்தேன்.

ஞாயிறு காலை கோட்டுப் போட்டுக்கொண்டு ஊற்றடியில் நின்றேன்.

"என்ன தாத்தா, பொண்ணு பாக்கக் கிளம்பிட்டீங்களா?" என்றாள் டீச்சர். பிறகு சுற்றிப் பார்த்தாள். முகம் மாறியது. "இங்க கெடந்த குப்பையெல்லாம் எங்க?"

"அள்ளியாச்சு. வெளியாளுங்க பாக்குற படத்துல நம்ம குப்பையையா காட்டுறது? ஒன் மானத்தையும் சேத்துல்ல காப்பாத்தியிருக்கேன்."

அவள் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். "நல்லா காப்பாத்துனீங்க. இந்தப் படத்தப் பாத்தா கூட்டத்துல இருக்குற மாத்தயாமாரு இங்க குளிக்கத்தான் வருவாங்க. அந்தக் கேனுங்களாவது எங்க?"

"வீட்டுக்கு ஒண்ணு குடுத்துட்டேன். நல்ல மூடி. சவுக்காரம் போட்டு மூணு தரம் கழுவித்தான் குடுத்தேன். ஏன், ஒனக்கும் ஒண்ணு வேணுமா?"

டீச்சர் லயத்துக்கு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். பீலியடியில் என் தம்பி மருமகள் இலட்சுமி ஒரு கேனில் தண்ணீர் பிடித்துச் செம்பில் ஊற்றிக்கொண்டிருந்தாள். கேனில் மண்டையோட்டுப் படம் அப்படியே இருந்தது.

"அக்கா, குடிச்சிறாதீங்க!" டீச்சர் கேமராவை என் கையில் திணித்துவிட்டுப் போய், செம்பையும் கேனையும் பிடுங்கித் தரையில் கவிழ்த்தாள்.

"படத்த எடுத்துட்டுக் கொட்டியிருக்கலாமே புள்ள," என்றேன்.

"அக்கா குடிக்கிற வரைக்கும் நீங்கன்னா பாத்துக்கிட்டு நிப்பீங்களா?"

வீடு வீடாக ஏறி இறங்கிப் பன்னிரண்டு கேனையும் நானே திரும்ப வாங்கினேன். நாலு வீட்டில் தண்ணீர் நிறைத்தே வைத்திருந்தார்கள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டு ஊற்றடியில் கொண்டுபோய் அடுக்கினேன்.

"எங்க கெடந்துச்சு, கழுவி யாரு குடுத்தா, ரெண்டையும் சொல்லுங்க," என்றாள் கேமராவுக்குப் பின்னாலிருந்து.

லயமே கூடி நின்றது. செல்லையா என்று பேரைச் சொன்னேன். கேன்கள் ஊற்றடியில் கிடந்ததைச் சொன்னேன். கழுவிக் கொடுத்த மடையன் நான்தான் என்றும் சொன்னேன். இலட்சுமிதான் முதலில் சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் டீச்சர் படத்தைக் காட்டினாள். அடுத்த மாதம் இரத்தினபுரியிலிருந்து கடிதம் வந்தது. பள்ளிக்கூட வாசலில் டீச்சர் உரக்கப் படித்தாள். இனி ஊற்றுக்கு மேலே மருந்து அடிக்க மாட்டார்களாம். எல்லாரும் கை தட்டினார்கள்.

"இப்பவாவது படத்த நம்புறீங்களா தாத்தா? ஒங்க மூஞ்சியப் பாத்துத்தான் மாத்தயாமாரு பயந்துட்டாங்க."

"கடுதாசியில வாடை தெரியாது புள்ள," என்றேன். "போயி மோந்து பாத்தாத்தான் தெரியும்."

அவர்கள் கை தட்டி முடிக்கவில்லை. நான் மேலே ஊற்றைப் பார்த்து நடந்தேன்.