ஜெசிதா வீட்டில் இல்லை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை ஒட்டுக்கேட்டது. சுன்னாகத்தில் இருந்து மானிப்பாய்க்கு வரும் மினி பஸ்ஸில், சந்தையில் வாங்கிய வெங்காயப் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். முன் சீற்றில் ஒரு பிள்ளை. இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். காதில் போன். டிறைவர் போட்ட பாட்டு அலறிக்கொண்டிருந்தபடியால் அவளும் கொஞ்சம் சத்தமாகத்தான் கதைத்தாள்.

"ஓம் மாமி, நான் வீட்டை இல்லை. அதுதான் உங்களுக்கே தெரியுதே."

அதற்குப் பிறகு இன்னொரு வசனமும் சொன்னாள். அதை இப்போது சொல்லமாட்டேன். எழுதுகிறவனுக்கு இந்தக் கஞ்சத்தனமாவது இருக்கவேண்டும்.

உடுவிலில் இறங்கிப் போய்விட்டாள். முகத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை. பின்னலை மட்டும்தான் தெரியும். ஒருத்தி வீட்டில் இல்லை என்பதை எங்கேயோ இருக்கிற மாமி எப்படிக் கண்டுபிடித்தார்? இதை யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து, கறி வைக்காமல் எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்:

"அந்த மாடி வீட்டின் கேற்றைத் திறந்தபோது ஜெசிதாவின் மனதில் ஆயிரம் எண்ணங்கள்..."

(ஆயிரம் எண்ணங்கள் யாருக்கும் ஒரே நேரத்தில் வருவதில்லை. அடித்துவிட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்:

"வேலை கிடைத்துவிட்டது என்று செய்தி வந்தபோது ஜெசிதா துள்ளி..."

(அந்தச் சம்பளத்துக்கு யார் துள்ளுவார்கள்? இதுவும் வேண்டாம்.)

சரி, சுற்றிவளைக்காமல் சொல்கிறேன். ஜெசிதா என்று பெயர் வைத்தது நான்தான். ஐ.ரி. டிப்ளோமா முடித்தவள். தாய், அக்கா குடும்பத்தோடு பருத்தித்துறையில் இரண்டு அறை வீட்டில் இருக்கிறார். அங்கே இவளுக்குப் படுக்க இடமில்லை. உடுவிலில் சீலா மாமியின் வீடு இருக்கிறது, அங்கே படுக்க ஆளில்லை. மாமி தகப்பனின் தங்கை. அவரும் நோர்மன் மாமாவும் லண்டனில் இருக்கிறார்கள். மேலே மூன்று அறை, கீழே இரண்டு, எல்லாவற்றுக்கும் ஏ.சி. ஒரு நத்தார்ப் பண்டிகைக்கு வந்து நின்றதோடு சரி. ஜெசிதா ஒரு அறையில் படுத்து, மற்ற அறைகளைச் சனிக்கிழமைகளில் திறந்து தூசு தட்டி, திரும்பவும் பூட்டுகிறாள். அதற்காக மாமி மாதாமாதம் காசு அனுப்புகிறார்.

அந்த வீட்டில் நான்கு கமரா. கேற்றில் ஒன்று, போர்டிக்கோவில் ஒன்று, கிணற்றடியில் ஒன்று, ஹோலுக்குள் ஒன்று. எங்கள் பக்கத்தில் இப்போது ஆளில்லாத வீடுகளுக்குத்தான் கண் அதிகம்.*

* என் வீட்டு ஒழுங்கையிலும் இருக்கின்றன. ஒரு வீட்டுக்காரர் கமராவுக்குத் தெரியாமல் மதிலோரமாகப் பதுங்கிப்போய் வெற்றிலை துப்புவார். அது அவருடைய சொந்த வீடு. மகன் கனடாவில் இருந்து பார்த்துவிட்டு ஏசுவானாம்.

உடுவில் வீட்டுக் கமராக்களைச் சுவரில் பூட்டியதே ஜெசிதாதான். படம் உறைந்துபோனால் மாமி போன் எடுப்பார், இவள் ஏணியில் ஏறுவாள். மாமியின் சிநேகிதிகளின் வேலை செய்யாத ரப்லெற், மாமாவின் மறந்துபோன பாஸ்வேர்ட், எல்லாம் இவளிடம்தான் வரும். ஆகவே இந்த வேலையை அவள் இரண்டு வருடமாகச் செய்துகொண்டுதான் இருக்கிறாள். நாற்காலியும் அடையாள அட்டையும் மட்டும் இல்லை.

இப்போது அந்த நாற்காலி கிடைத்திருக்கிறது. யாழ்ப்பாண ரவுணில், இணைய இணைப்புக் கொடுக்கிற ஒரு கொம்பனியின் ஹெல்ப் டெஸ்க். கடைசிப் படி வேலை. போன் அடிக்கும், எடுக்கவேண்டும். "வேலை செய்யேல்லை" என்பார்கள். "ஒருக்கா நிப்பாட்டிப்போட்டுத் திருப்பிப் போடுங்கோ" என்று சொல்லவேண்டும். சம்பளம், மாமி அனுப்புகிற காசைவிடக் குறைவு. பஸ்ஸுக்கும் சாப்பாட்டுப் பார்சலுக்கும் கொடுத்தால் இன்னும் குறைவு.

அதோடு மாமி ஒன்று சொல்லிவிட்டார். பகல் முழுக்க வீடு பூட்டிக் கிடக்கக்கூடாது, வேலைக்குப் போவதென்றால் வேறு குடும்பத்தைக் கொண்டுவந்து இருத்தவேண்டி வரும். அதாவது வேலையை எடுத்தால் வீடும் போகும், காசும் போகும். பருத்தித்துறையில் அக்கா பிள்ளைகளின் காலடியில் பாய் விரித்துப் படுத்து, விடிய பஸ் பிடிக்கவேண்டும். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் கொம்பனிக்கு மறுமொழி சொல்லவேண்டும்.

கதை இவ்வளவுதான். போவாளா, மாட்டாளா?

3

எனக்கு ஜெசிதாவில் சந்தேகம் இல்லை. மாமியில்தான் சந்தேகம்.

முதல் வரைவில் மாமியைப் பொல்லாதவராக எழுதினேன். கதைக்கு வசதியாக இருந்தது. கொடுமைக்கார மாமி, கூண்டுக்குள் பிள்ளை, கடைசியில் கதவைத் திறந்துகொண்டு வெளியே போகிறாள். கைதட்டல். அந்த உற்சாகத்தில், நான் கேட்ட போன் கதையின் மறுபக்கத்தையும் எழுதிப் பார்த்தேன். ஜெசிதா நேர்முகத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிறாள். ஆள் நிற்கிறமாதிரி இருக்கட்டும் என்று ஹோல் ஃபானையும் ரி.வி.யையும் போட்டுவிட்டுத்தான் போயிருந்தாள்.

"ஃபான் சுத்துது, ரி.வி. ஓடுது, உன்னைக் காணேல்லை. எங்கை நிக்கிறாய் பிள்ளை?"

"ஓம் மாமி, நான் வீட்டை இல்லை. அதுதான் உங்களுக்கே தெரியுதே. பஸ்ஸுக்குள்ளை நிக்கிறன்."

"சொல்லிப்போட்டுப் போனா என்ன? நாலு கமராவையும் மாறி மாறிப் பாத்துக் களைச்சுப்போனன். கிணத்துக்குள்ளை கிணத்துக்குள்ளை விழுந்திட்டியோ எண்டு நெஞ்சு பதறிப்போச்சு."

இந்த இடத்தில் பேனையை வைத்துவிட்டேன். பொல்லாத மனுசி இப்படிச் சொல்லமாட்டார். "கிணத்துக்குள்ளை" என்று இரண்டு தரம் வந்திருக்கிறது, கவனித்தீர்களா? நான் தவறுதலாக எழுதியது. அடிக்காமல் விட்டிருக்கிறேன், பதறுகிறவர்கள் அப்படித்தான் கதைப்பார்கள்.

அதனால் லண்டன் வீட்டுக்குள் போய்ப் பார்க்கவேண்டியதாயிற்று. மாமிக்கு முழங்கால் ஒப்பரேசன் செய்து, வேலையை விட்டாயிற்று. மாமா பெற்றோல் ஸ்ரேசனில் வேலை, இருட்டோடு போய்விடுவார். மாமி எழும்பித் தேத்தண்ணி ஊற்றும் நேரம் இங்கே நடுப்பகல். கமராப் படத்தை ரி.வி.யில் போட்டுவிட்டு முன்னால் இருக்கிறார். திரையில் நான்கு கட்டம். ஒன்றில் கேற். ஒன்றில் போர்டிக்கோ. ஒன்றில் ஜெசிதா உடுப்புத் தோய்க்கிறாள். அவள் கொடியில் போடும்வரை மாமி பார்த்துக்கொண்டிருப்பார். சத்தம் வராது.

(இந்த இடத்தில் ஒரு தந்திரம் தோன்றியது. கெட்டிக்காரி ஜெசிதா, நேற்றைய பதிவை இன்றைய படம்போல ஓடவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போகிறாள், மாமி பழைய ஜெசிதாவைப் பார்த்துக்கொண்டு... வேண்டாம். இது சினிமா. அதோடு அந்த மனுசியை அப்படி ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை.)

4

இப்போது அந்த இரண்டாவது வசனத்தைச் சொல்கிறேன். பஸ்ஸில் அந்தப் பிள்ளை சொன்னது:

"சம்பளம் குறைவுதான் மாமி. எண்டாலும் அங்கை ஆக்கள் இருக்கினம்."

இதை நான் ஒளித்ததற்குக் காரணம் கதைநுட்பம் என்று நீங்கள் நினைத்தால் அது எனக்குப் பெருமைதான். உண்மை வேறு. அந்த வசனம் என்னைப் பற்றியதாகவும் இருந்தது.

என் வீட்டில் கமரா கிடையாது. ஒன்றைப் பூட்டினாலும் அதில் பார்க்க ஆளில்லை. சகோதரங்கள் எல்லாம் வெவ்வேறு நாடுகளில். நத்தாருக்கும் பிறந்தநாளுக்கும் படம் அனுப்புவார்கள், நானும் கைகூப்பிப் பதில் போடுவேன். போன மாரியில் ஒரு நாள், விடியத் தொடங்கி நான் யாரோடும் ஒரு சொல் கதைக்கவில்லை. மழை. பேப்பர்காரர்கூட வரவில்லை. பின்னேரம் போல ஹெல்ப் டெஸ்க்குக்குப் போன் எடுத்தேன்.

"சொல்லுங்கோ ஐயா, என்ன பிரச்சினை?"

"இன்ரநெற்..."

"பெட்டியிலை என்ன கலர் லைற் எரியுது ஐயா?"

"பச்சை."

"எல்லாமே பச்சையோ?"

"ஓம் பிள்ளை."

"அப்ப வேலை செய்யுதெல்லே?"

"ஓம். செய்யுது."

அவள் சிரிக்கவில்லை. "வேறை ஏதும் உதவி வேணுமோ ஐயா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். எனக்குத் தனிமையாக இருந்தது. இந்த ஒரு வசனத்தைச் சொல்வதற்கு உடுவில், லண்டன் எல்லாம் சுற்றி வந்திருக்கிறேன்.

இனி யோசித்துப் பாருங்கள். ஜெசிதா அந்த வேலைக்குப் போகவேண்டும் என்று நான் விரும்புவது அவளுக்காகவா? அல்லது அடுத்த தரம் நான் போன் எடுக்கும்போது அந்தப் பக்கத்தில் ஒரு ஆள் இருக்கவேண்டும் என்பதற்காகவா? மாமிக்கு அவள் ஹோலில் நிற்கவேண்டும். எனக்கு அவள் போனில் இருக்கவேண்டும். இரண்டு பேரும் அவளிடம் ஒன்றையேதான் கேட்கிறோம். மாமி அதற்குக் காசாவது அனுப்புகிறார்.

5

முடிவு அ: வேலையை எடுக்கிறாள். முதல் நாள் பக்கத்து நாற்காலிப் பெண் நிவேதனா தன் இடியப்பப் பார்சலைத் திறந்து, "எடும் ஜெசி" என்று நீட்டுகிறாள். மாதக் கடைசியில் அக்காவிடம் பஸ் காசு கடன் கேட்கிறாள். சனிக்கிழமை...

முடிவு ஆ: வேலை வேண்டாம் என்கிறாள். ஒரு வருடம் கழித்து, மாமி கேட்காமலே அறைகளைத் திறந்து தூசு தட்டிக்கொண்டு...

இரண்டையும் பாதியில் விட்டிருக்கிறேன். இரண்டும் நடக்கக்கூடியவை. இரண்டிலும் நான் அவளைத் தள்ளிக்கொண்டு போகிறேன் என்பது எழுத்திலேயே தெரிகிறது.

ஒன்றை மட்டும் நிச்சயமாக எழுதமுடியும். வெள்ளிக்கிழமை, மூன்று மணி கழிந்து, ஜெசிதா தானாக மாமிக்குப் போன் எடுத்தாள்.

"நாலு மணிக்கு முதல் மறுமொழி சொல்லவேணும் மாமி."

"உனக்கு நான் என்ன குறை விட்டனான்?"

"ஒரு குறையும் விடேல்லை."

"இப்பவாவது அவங்கள் கூடத் தரப்போறாங்களோ?"

"இல்லை, குறையத்தான்."

"பேந்தென்ன பிள்ளை?"

ஜெசிதா ஹோல் கமராவை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்கள் என்னைப் பாக்கிறியள் மாமி. நான் ஒருத்தரையும் பாக்கிறேல்லை."

போன் திரை திடீரென்று வெளிச்சமானது. இவ்வளவு காலமும் குரலில் மட்டும் வந்த மாமி, முதல் தரமாக வீடியோவைப் போட்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. நைற்றிக்கு மேலே தடித்த சுவெற்றர். அவருக்குப் பின்னால் ரி.வி. அதில், மேலே இருந்து பார்த்தபடி, பளிங்கு பதித்த பெரிய ஹோலின் நடுவில் போனோடு ஒரு பிள்ளை நின்றுகொண்டிருந்தாள். தான் இவ்வளவு சின்னதாகத் தெரிவது ஜெசிதாவுக்கு அதுவரை தெரியாது.

"போ எண்டு சொல்ல எனக்கு வாய் வருகுதில்லை," என்றார் மாமி. "போகாதை எண்டு சொல்ல எனக்கு ஞாயமும் இல்லை. மாமாவும் வீட்டைப் பூட்டிவைக்க விடமாட்டார். வேறை ஆக்களைத்தான் விடவேணும்."

"தெரியும் மாமி."

"நீ போனா நான் உந்த ரி.வி.யிலை என்னத்தைப் பாக்கிறது?"

"பாக்கிறதை விட்டிட்டு என்னோடை கதையுங்கோவன்."

"கதைக்க என்னட்டை என்ன கிடக்கு? எழும்பிறன், தேத்தண்ணி குடிக்கிறன், உன்னைப் பாக்கிறன்."

இரண்டு பேரும் அழுதார்கள். அழுதார்கள் என்று நேராக எழுதக்கூடாது என்பார்கள். அழுதால் வேறு எப்படி எழுதுவது?

6

மாமியின் ரி.வி.யில் இப்போது நான்கு கட்டமும் வெறுமையாக இருக்கின்றன. ஹோலில் ஜெசிதா இல்லை. கேற்றைத் திறக்கவும் இல்லை.

குசினிக்குப் பின்னால், தண்ணித் தொட்டிக்கும் மதிலுக்கும் இடையில் ஒரு ஆள் நிற்கக்கூடிய இடம் இருக்கிறது. அங்கே எந்தக் கமராவும் எட்டாது. கமராக்களைப் பூட்டியவளுக்குத்தானே அது தெரியும். அவள் போனை எடுத்துக்கொண்டு அங்கேதான் போயிருக்கிறாள். நாலு மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது.

எழுதுகிறவனுக்குச் சுவர் கிடையாது. நான் போகலாம். அவளுடைய விரல் எதை அழுத்துகிறது என்று எட்டிப் பார்த்து வந்து உங்களுக்குச் சொல்லலாம். சொன்னால் நீங்களும் பக்கத்தை மூடிவிட்டு உங்கள் அலுவலைப் பார்க்கலாம். ஆனால் இந்தப் பிள்ளை இரண்டு வருடமாக ஒருவர் கண்ணில் இருந்தாள், கொஞ்ச நாளாக என் கண்ணிலும் இருக்கிறாள். அவள் முடிவெடுக்கிற நேரத்திலாவது நான் பார்க்காமல் இருக்கிறேன்.

உங்களுக்குத் தெரிந்தே ஆகவேண்டும் என்றால் போங்கள், மறிக்கமாட்டேன். ஆனால் எங்கள் பக்கத்தில் வீட்டின் பின்பக்கத்தால் போகிற ஆள் முதலில் செருமுவது வழக்கம். தண்ணித் தொட்டிக்கு இந்தப் பக்கத்தில் நின்று ஒருக்காச் செருமுங்கள். அவள் முகத்தைத் துடைத்துக்கொள்ளட்டும். பிறகு போய், என்ன சொன்னாள் என்று அவளிடமே கேளுங்கள்.