அம்மா சொன்னதாக, அப்பா சொன்னதாக

நாத்தனார் தன் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டாள். உள்ளே பெரியவளும் வாண்டும். வெளியே படிக்கட்டில் அவர்களைப் பெற்ற இருவர். "எட்டரைக்கு முன்னாடி ரெண்டு பேர்ல யார் மூஞ்சியையும் நான் பாக்கக் கூடாது. எங்கயாவது போய் உக்காந்து பேசுங்க" என்று கதவுக்குப் பின்னாலிருந்து உத்தரவு வேறு வந்தது.

பேசுவதாம். அவர்கள் நேருக்கு நேர் பேசி நாலு மாதம் ஆகிறது. அதற்காக வீட்டில் பேச்சு நின்றுபோனது என்று யாரும் சொல்ல முடியாது. எல்லாம் பெரியவள் வழியாக ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. "உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு." "உங்கம்மாகிட்ட கேளு, என் சாவி எங்கன்னு." சமையலறையில் ஒருத்தி, ஹாலில் ஒருவர், நடுவில் பத்து வயதுகூட முடியாத ஒரு பெண். இந்தக் கூத்து நம் வீடுகளில் ஒன்றும் புதிதில்லை. வழக்கமாக இரண்டு நாள் ஓடும், மூன்றாம் நாள் யாராவது ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிடும். இங்கே வரவில்லை.

மனைவிக்குப் பேக்கரியில் வேலை. கேக்கின்மேல் பூவும் கொடியும் போடுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. முதலாளியம்மா இரண்டாவது கடை திறந்தபோது, அதை இவளே பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒருநாள் சாயங்காலம் போன் செய்தார். இவள் வாண்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். போனை எடுத்தது கணவன். "அவளால முடியாதுங்க. ரெண்டு பசங்க, வீட்டு வேலை வேற. நீங்க வேற யாரையாவது பாத்துக்கங்க." உபகாரம் செய்துவிட்டவர்போல அதை அவளிடமே வந்து சொன்னார். மறுநாள் அந்தக் கடை வேறொருத்திக்குப் போய்விட்டது. சர்க்கரைப் பூவைக் கோணலாக ஒட்டுகிறவள் அவள்! கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற மனிதர், ஊர்க்காரர்களின் பார்வையையெல்லாம் சரிசெய்கிறவர், தன் வீட்டில் என்ன செய்தோம் என்பதை மட்டும் பார்க்கவில்லை. அன்றைக்கு இவள் மூடிய வாய்தான்.

அப்படிப்பட்டவள் இன்றைக்குப் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பியதற்கு ஒரே ஒரு காரணம் இருந்தது. போன மாதம் ஒருநாள் பெரியவள் சமையலறைக்கு வந்து நின்றாள். "அம்மா, அப்பா உன்கிட்ட சொல்லச் சொன்னாரு. உன் வேலையைப் பத்தி அவர் பேசினது தப்பாம். உன்னைக் கேக்காம பேசியிருக்கக் கூடாதாம். அதை நினைச்சா அவருக்குத் தூக்கமே வரலையாம்." அன்றைக்கு அவள் கைவேலையை விட்டுவிட்டு வெகுநேரம் நின்றாள். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்தே ஒருமுறை கேட்டுவிட்டால் மன்னித்துவிடலாம். கேட்காவிட்டால், இப்படியே இன்னும் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் இருக்கத் தன்னால் முடியும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்தத் தெம்புதான் அவளைப் பயமுறுத்தியது.

உணவகத்தில் சுவரோரமாக இரண்டு பேர் மேசை கிடைத்தது. சர்வர் வந்து என்ன வேண்டும் என்று கேட்டான்.

"அவங்களைக் கேளுங்க" என்றார் கணவன்.

"அவருக்குச் சூப், மிளகு கம்மியா" என்றாள் அவள், சர்வரைப் பார்த்து.

"அவங்களுக்கும் ஒண்ணு."

சர்வர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருந்தால் அவனையும் தூது வேலையில் சேர்த்திருப்பார்கள். நல்லவேளை, போய்விட்டான்.

சூப் வந்த பிறகு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அவள் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். வருகிறது, இதோ வருகிறது.

"உனக்குப் பிடிச்ச சட்டையைத்தான் போட்டுட்டு வந்திருக்கேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மஞ்சளும் நீலமுமாகப் பட்டை பட்டையாகக் கோடு போட்ட சட்டை, சர்க்கஸ் கூடாரத்தில் வெட்டித் தைத்தது மாதிரி.

"எனக்கா?"

"நீதானே சொல்லி அனுப்பின? இதைப் போட்டா பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கேன்னு. அதான் வாரத்துல ரெண்டு நாள் போடறேன்."

அவள் சொல்லி அனுப்பியது வேறு. அதை எப்படி இப்போது சொல்வது என்று விழித்துக்கொண்டிருக்கும்போதே அவர் குனிந்துகொண்டு தொடர்ந்தார். "கோவமெல்லாம் எப்பவோ போயிடுச்சு, நேரா பேசத்தான் கூச்சமா இருக்குன்னும் சொன்னியாமே. அதைக் கேட்டப்புறம்தான் எனக்கு உயிரே வந்துச்சு."

அப்படி ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வரவே இல்லை. அப்படியானால் அடுத்த கேள்வியைக் கேட்டே ஆகவேண்டும். கேட்க அவளுக்குத் துளிகூட விருப்பமில்லை.

"நீங்க சொல்லி அனுப்பினது? என் வேலை விஷயம். பேசினது தப்பு, தூக்கமே வரலைன்னு..."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதோடு எல்லாம் சுபமாக முடிந்திருக்கும். வேறு எந்தக் கணவனாக இருந்தாலும் சொல்லியிருப்பான். இந்த மனிதருக்கு ஆயிரம் குறை உண்டு, பொய் சொல்ல மட்டும் வராது.

"நான் அப்படிச் சொல்லி அனுப்பலையே."

ஒரு மாதமாக அவள் பத்திரமாக வைத்திருந்த மன்னிப்பு அது. வேலைக்கு நடுவில், பஸ்ஸில், படுக்கையில் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டது. அழுகை வந்தது. அடக்கிக்கொண்டாள்.

அவர் மெதுவாகக் கேட்டார். "அப்போ இந்தச் சட்டையைப் பத்தி நிஜமா நீ என்ன சொன்ன?"

"கிழிச்சுத் தரை துடைக்கக் கொடுக்கச் சொன்னேன்."

அவர் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. நாலு மாதத்தில் சேர்ந்து சிரித்த முதல் சிரிப்பு, பாதியிலேயே இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் நின்றுபோனது.

அவர்கள் வீட்டில் சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே ஒரு குறுகலான வழி. அங்கேதான் பிரிட்ஜ் இருக்கிறது. பெரியவள் சில நாள் அந்தப் பிரிட்ஜ் பக்கத்தில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் வருவாள். "எருமை மாதிரி அங்க என்னடி நிக்கிற, சொன்னதைப் போய்ச் சொல்லு" என்று இவளே எத்தனை தடவை அதட்டியிருக்கிறாள்! கேட்ட திட்டை விழுங்கி, அதற்குப் பதிலாக நல்லதாக ஒன்றை யோசித்து, முகத்தைச் சரிசெய்துகொண்டு போக அந்தக் குழந்தைக்குக் கிடைத்த இடம் அதுதான். இரண்டு பெரியவர்களின் குடும்பத்தை அவள் அங்கே நின்று தனியாக நடத்திக்கொண்டிருந்திருக்கிறாள். இவளுக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் எதற்கும் இவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

"பெரியவ சொன்ன அளவுக்கு அழகா எனக்குச் சொல்ல வராது" என்றார் கணவன். முகம் வெளுத்திருந்தது. "தூக்கமெல்லாம் நல்லாத்தான் வந்துச்சு. அன்னைக்கு நான் உன் நல்லதுக்காகப் பேசல. நீ கடையைப் பாக்கப் போயிட்டா வீடு என் தலையில விழும்னுதான் பேசினேன். இத்தனை நாளா அதை எனக்கே நான் ஒத்துக்கல. தப்புதான்."

அழகே இல்லாத மன்னிப்பு. ஆனால் அவர் வாயிலிருந்து வந்தது. கேட்டவுடன் மனசு இறங்கிவிடும் என்று நினைத்திருந்தாள். இறங்கவில்லை.

"எனக்கு இன்னும் கோவம் போகல."

"சரி."

"சரின்னா?"

"போறப்ப சொல்லு. என்கிட்டயே சொல்லு."

சூப் ஆறி ஏடு கட்டியிருந்தது. வேறு எதுவும் வரவழைக்க இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. "என்னங்க" என்றாள். அந்தச் சொல்லைச் சொல்லி நாளாகிவிட்டது, குரல் கொஞ்சம் பிசிறியது. "போலாங்க. பசங்களைப் பாக்கணும்."

"மணி எட்டுகூட ஆகல" என்று நாத்தனார் சண்டைக்கு வந்தாள். அண்ணன் முகத்தையும் அண்ணி முகத்தையும் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டாள். உள்ளறையில் வாண்டு கட்டில்மேல் குதித்துக் கத்திக்கொண்டிருந்தான். பெரியவள் வாசலை ஒட்டிய நாற்காலியில் ஷூவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

அவள் எழுந்து அப்பா முகத்தைப் பார்த்தாள். பிறகு அம்மா முகத்தை.

அப்பா அவள்முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "அம்மாவுக்கு என் மேல இன்னும் கோவம்டா."

"இல்லப்பா" என்றாள் பெரியவள் உடனே. "அம்மா அப்படிச் சொல்லியிருக்க மாட்டாங்க. அம்மா என்ன சொன்னாங்கன்னா..." கண்கள் மேலே போய் வார்த்தையைத் தேடின.

"அப்படித்தான்டி சொன்னேன்" என்றாள் அம்மா. "நானே அப்பாகிட்ட நேரா சொன்னேன்."

"அப்பா என்ன சொன்னாரு?"

"அவர் செஞ்சது தப்புன்னு சொன்னாரு. அதையும் என்கிட்ட அவரே சொன்னாரு."

பெரியவள் இதை நம்பலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்போ இனிமே நான் எதுவும் சொல்ல வேணாமா?"

"வேணாம் கண்ணு."

பெரியவள் குனிந்து ஒரு ஷூவைக் கழற்றினாள். இன்னொன்றின் முடிச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அப்போ நான் போய் விளையாடட்டுமா?"