எட்டாவது எழுத்து

சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் அந்த வரிசையில் இருந்த எல்லாக் குவார்ட்டர்ஸுக்கும் கேசரி போய்ச் சேர்ந்துவிட்டது. மகளுக்குக் கல்யாணமும் நிச்சயமாகவில்லை, வேலையும் கிடைக்கவில்லை. எங்கோ வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் "எடுத்துக்கொண்டேன், நன்றி" என்று மெயில் போட்டிருந்தார், அவ்வளவுதான். தனபாக்கியத்துக்கு அது போதும். சுரங்கக் கம்பெனி டவுன்ஷிப்பில் வேலை பெர்மனென்ட் ஆனால் கேசரி, புரமோஷன் வந்தால் கேசரி, பிள்ளை பாஸானால் கேசரி. இதற்கு மட்டும் என்ன குறைச்சல்?

"இன்னாக்கா விசேஷம்?" என்று கிண்ணத்தை வாங்கிக்கொண்டே கேட்டாள் பக்கத்து வீட்டு வீரம்மாள்.

"நம்ம தேவயானி எழுதினத கம்ப்யூட்டருக்குள்ள எடுத்துக்கிட்டாங்களாம். உலகம் பூரா ஓடப் போகுது."

"யாரு எடுத்துக்கினாங்க?"

"மெயின்டெய்னராம்."

"அப்படியே எங்க வூட்டுக் குழாயையும் பாக்கச் சொல்லுக்கா. மெயின்டனன்ஸ்ல சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது."

உள்ளே இருந்து இதைக் கேட்ட தேவயானிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அந்த மெயிலை அவள் எத்தனை முறை திறந்து பார்த்தாள் என்று கணக்கில்லை. சென்னையில் பார்த்த வேலை போய் வீட்டுக்குத் திரும்பியிருந்த பெண் அவள். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் இருக்கும் அப்பா மாடசாமிக்குத் தெரிந்த ஒரே வழி, கம்பெனி வேலைக்கான பரீட்சை. "நீ சொல்லுத கெர்னல்ல உன் பேரு ஒரு தடவ வரட்டும். அதுக்கப்புறம் பரீட்சைன்னு வாயத் திறக்க மாட்டேன்" என்று அவர் சொல்லியிருந்தார். இதோ, பேர் வரப்போகிறது. துள்ளாமல் என்ன செய்வாள்?

கெர்னல் என்பது இயங்குதளத்தின் அடிமடி. மேலே ஓடும் செயலி விழுந்தால் அது மட்டும் விழும், கெர்னலில் ஒன்று விழுந்தால் இயந்திரமே படுத்துவிடும். அதை எழுதிய சி மொழியோ பொல்லாத மொழி. எழுத்துகளை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகலெடுக்கச் சொன்னால், இடம் இருக்கிறதா என்று அது தானாகக் கேட்காது. சின்ன குவார்ட்டர்ஸில் பெரிய குடும்பத்தின் சாமானை இறக்குகிற லாரிக்காரன் மாதிரி, மிச்சத்தைப் பக்கத்து வீட்டில் இறக்கிவிட்டுப் போய்விடும். இதற்காக strncpy என்று ஒன்று வந்தது. அது அளவைப் பார்க்கும். ஆனால் இடம் நிறைந்துவிட்டால், எழுத்துகள் இங்கே முடிகின்றன என்று காட்டும் சுழியத்தைக் கடைசியில் வைக்காமல் வந்துவிடும். பின்னால் படிக்க வருகிறவன் நிற்கத் தெரியாமல் ஓடிக்கொண்டே இருப்பான். ஆகவே இப்போது strscpy. அளவையும் பார்க்கும், கடைசி இடத்தில் சுழியத்தையும் கட்டாயம் வைக்கும். தேவயானி ஒரு பழைய நெட்வொர்க் கார்டை இயக்கும் நிரலான டிரைவரில் முன்னதை எடுத்துவிட்டுப் பின்னதை வைத்திருந்தாள். ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை கேசரி.

பதினோரு மணி வாக்கில் சுதாகர் போன் செய்தான். அவளோடு இன்ஜினியரிங் படித்தவன், கம்மாபுரத்துக்காரன், மந்தாரக்குப்பத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான். அந்தக் கார்டு ஒன்று அவன் கடையில் கிடந்தது.

"தேவயானி, நீ போட்டதப் போட்டுப் பாத்துகினு இருக்கேன். கார்டு எந்திரிக்கவே மாட்டேங்குது."

"வெளையாடாத."

"வெளையாடல. பழசப் போட்டா எந்திரிக்குது. உன்னுதப் போட்டா மூஞ்சியத் திருப்பிக்குது. நேர்ல வா."

ஸ்கூட்டி மந்தாரக்குப்பம் போய்ச் சேர்ந்த வேகத்தை மாடசாமி பார்த்திருந்தால் சாவியைப் பிடுங்கியிருப்பார். கடையில் கார்டைச் சொருகி, அதற்குப் போகும் கட்டளையைத் திரையில் பார்த்ததும் தேவயானிக்குக் குப்பென்று வியர்த்தது. அந்தக் கார்டு தன் பெயரை எட்டு எழுத்தாக எதிர்பார்த்தது. இடமும் சரியாக எட்டு. அங்கே முடிவுச் சுழியத்துக்கு வேலையே இல்லை, எட்டை எண்ணிப் படித்துக்கொள்ளும் கார்டு அது. அவள் வைத்த பாதுகாப்பான வரி என்ன செய்தது? கடைசி இடத்தைச் சுழியத்துக்காகப் பிடித்துக்கொண்டு எட்டாவது எழுத்தை வெட்டிவிட்டது. வெட்டிவிட்டேன் என்று ஒழுங்காகத் திருப்பிச் சொல்லவும் செய்தது. அதைத்தான் யாரும் கேட்கவில்லை.

"பழச மாத்து, புதுச வைன்னு எல்லாரும் சொல்றதக் கேட்டு, கண்ண மூடிக்கிட்டு மாத்தியிருக்கேன்டா. இது சுழியம் வைக்கக் கூடாத இடம். கார்டுல போட்டுப் பாக்காம அனுப்பிட்டேன்."

"நான் சேத்தியாத்தோப்புல இருந்தேன். எனக்காவ ரெண்டு நாள் காத்துகினு இருந்திருக்கலாம்."

"அவசரம்."

வருகிற மாற்றங்களைச் சரிபார்த்துச் சேர்க்கும் அந்த மெயின்டெய்னர் அன்று சாயங்காலம் எல்லா மாற்றங்களையும் மூட்டை கட்டி மேலே அனுப்பப்போகிறார். உலகத்தில் இந்தக் கார்டு வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். பேசாமல் இருந்தால் பேர் கெர்னலுக்குள் போய்விடும், அப்புறம் மெல்லச் சரிசெய்துகொள்ளலாம். இந்த எண்ணம் அவளுக்கு வராமல் இல்லை. அப்பாவின் முகம், கேசரிக் கிண்ணங்கள், பரீட்சை எல்லாம் வரிசையாக வந்து நின்றன. திரும்பப் பெறுகிறேன் என்று எழுதினால் அதை ஊர் உலகமே படிக்கும். மாற்றங்கள் போய்வரும் அந்தப் பொது மெயில் பட்டியலில் ரகசியம் என்பதே கிடையாது.

சுதாகர் படிப்பு முடிந்த கையோடு சுரங்கத்தில் ஒரு வருஷம் கான்ட்ராக்ட் வேலை பார்த்தவன். "பெல்ட்டு ஓடிகினு இருக்குது. தப்பப் பாத்தவன் இன்னா செய்யணும்?" என்று கேட்டான்.

பெல்ட் ஓரமாக நீளத்துக்கும் ஒரு கயிறு போகும். யார் தப்பைப் பார்த்தாலும் கயிற்றை இழுக்கலாம், பெல்ட் நின்றுவிடும். இழுத்தவரே பேரைச் சொல்லி, சரிசெய்த பிறகு தானே போய் ரீசெட் பண்ண வேண்டும். டவுன்ஷிப்பில் பிறந்த பிள்ளைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"கயித்த இழுக்கணும்" என்றாள் தேவயானி. எழுதினாள்: "தயவுசெய்து என் மாற்றத்தை எடுத்துவிடுங்கள். கார்டு இதனால் இயங்கவில்லை. தவறு என்னுடையது." அனுப்பியதும் அழுகை வரும் என்று நினைத்தாள், பசிதான் வந்தது.

சுதாகர் பரோட்டா வாங்கி வந்தான். அவள் பழைய வரியை மறுபடி போட்டுக் கார்டை எழுப்பினாள். கார்டு எழுந்தது. டிரைவர் தான் எழுதும் லாக் பதிவில் கார்டின் பெயரைக் காட்டியது. எட்டு எழுத்து. அதற்குப் பின்னால் மூன்று கோணல் குறிகள்.

"இது என்னடா வாலு?"

"அது எப்பவுமே அப்படித்தான் வரும். குப்ப."

தேவயானி பரோட்டாவைக் கீழே வைத்தாள். "எப்பவுமேவா? சுழியம் இல்லாத எட்டு எழுத்த, சுழியம் இருக்கும்னு நம்பிப் படிக்குதுடா! பக்கத்து இடத்துக்குள்ள ஓடுது! இதுதான்டா நெஜமான தப்பு. நான் தப்பான வரியப் போய்த் தட்டிட்டு இருந்திருக்கேன்!"

சுதாகர் எழுந்தே நின்றுவிட்டான். கடைக்குச் சார்ஜர் வாங்க வந்தவரை அப்புறம் வரச் சொல்லிவிட்டார்கள். கார்டுக்குப் போகும் பெயருக்கு, சுழியம் வைக்காமல் எட்டையும் நிரப்பி, பெயர் சின்னதாக இருந்தால் மிச்சத்தை மட்டும் சுழியத்தால் அடைக்கும் வேறொரு நகலைப் போட்டாள். பதிவில் காட்டும் இடத்தில் எட்டுக்கு மேல் படிக்காதே என்று கட்டினாள். முழுப் பெயர் கொடுத்துப் பார்த்தார்கள், சின்னப் பெயர் கொடுத்துப் பார்த்தார்கள், வேண்டுமென்றே நீளமான பெயர் கொடுத்துச் சண்டைக்கு இழுத்தார்கள். கார்டு எழுந்தது. வால் இல்லை. சுதாகர் மேசையில் ஓங்கித் தட்டியதில் சால்னா கவிழ்ந்தது. இரண்டு பேருக்கும் கவலையில்லை.

அனுப்பிவிட்டு அவள் வீடு திரும்பும்போது வெயில் இறங்கியிருந்தது. வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தும்போதே மெயின்டெய்னரின் பதில் வந்துவிட்டது. முதல் மாற்றத்தை எடுத்துவிட்டேன், புதியதைச் சேர்த்துவிட்டேன், அந்த வாலை நாங்கள் யாரும் கண்டுகொண்டதே இல்லை, மற்ற டிரைவர்களிலும் இப்படி இருக்கிறதா என்று பார்க்க முடியுமா என்று எழுதியிருந்தார். கீழே எழுதியவர் தேவயானி, சோதித்தவர் சுதாகர். அவள் கத்திய கத்தலுக்கு வீரம்மாள் குழாய் பார்க்க ஆள் வந்துவிட்டாரோ என்று வெளியே எட்டிப் பார்த்தாள்.

மாடசாமி ஷிஃப்ட் முடிந்து அப்போதுதான் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். மூச்சுவிடாமல் அவள் சொன்ன எல்லாவற்றையும் கேட்டார். கேட்டதெல்லாம் புரிந்தது என்று சொல்ல முடியாது.

"மொதல்ல அனுப்பினது தப்புன்னு நீயாத்தான் சொன்னியா?"

"ஆமாப்பா. கயித்த நான்தான் இழுத்தேன்."

"ரீசெட்டு?"

"அதுவும் நானே பண்ணிட்டேன்."

மாடசாமி கழற்றிய பூட்ஸைச் சுவரோரமாக வைத்தார். "சரி. இனி பரீட்சைப் பேச்சு கெடையாது" என்றார்.

அடுப்படியில் ரவை டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்ற தனபாக்கியம் அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"ஏட்டி, இந்தத் தடவ கார்டுல போட்டுப் பாத்துட்டியா, இல்ல கேசரிய இன்னும் கொஞ்சம் பொறுத்துக் கிண்டவா?"