மிக்கேல் ஊர் திரும்பினானா

பிராங்கிளின் அப்பாவுக்குப் போட கறுப்புக் காலுறை தேடிக்கொண்டிருந்தான். ரூத்தும் அதே பீரோவைத்தான் குடைந்துகொண்டிருந்தாள். ஆனால் அவள் தேடியது காலுறையை அல்ல.

“இன்னாக்கா தேடுற?”

“நைனாவோட புக்கு. நீலத் துணில சுத்தி வெச்சிருப்பாரே, அது.”

“நல்லா தேடுன போ. ஆளே போயிட்டாரு, இப்ப புக்கு இன்னாத்துக்கு?”

அப்பா அருள்நாதன் விடியற்காலை ஐந்து மணிக்கு, யாருக்கும் அதிகத் தொந்தரவு தராமல் போய்ச் சேர்ந்திருந்தார். இப்போது முன்னறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தார். ராயபுரத்துச் சந்து முழுக்க நாற்காலி போட்டாகிவிட்டது. நாலரைக்குக் கோயிலுக்குத் தூக்க வேண்டும். அதற்கு முன், மூன்றே முக்காலுக்கு, நெட்டில் ஓர் ஏலம் முடியப்போகிறது. அந்த நேரம் ரூத்துக்கு மட்டும்தான் தெரியும்.

மனிதர் முப்பத்துநாலு வருஷம் துறைமுகத்தில் மூட்டை எண்ணியவர். ஓய்வு பெற்றதும் சும்மா இருந்திருக்கலாம். பழைய புத்தகப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. முதலில் எடைக்கடைகளில் உட்கார்ந்து பொறுக்கினார். அப்புறம், ஊர் உலகத்துப் பழைய புத்தகமெல்லாம் நெட்டில் ஏலத்துக்கு வருகிறதென்று கேள்விப்பட்டு, முனையில் இருக்கும் ஷாகுல் ஹமீதின் பிரவுசிங் சென்டருக்கு ரூத்தை இழுத்துக்கொண்டு போனார். அவள் தட்டுவாள். அவர் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லுவார். வாங்குவதும் விற்பதுமாக ஐந்து வருஷம் ஓடியது. லாபம் பெரிதாக ஒன்றுமில்லை, பெருமைக்குக் குறைச்சலில்லை. வாங்கியவர்கள் நானூற்றுச் சொச்சம் பேர் மதிப்புரை எழுதியிருந்தார்கள். ஒருவர்கூடக் குறை சொன்னதில்லை.

“கியிஞ்ச மூட்டைய நல்ல மூட்டைன்னு எயுதுனா அது திருட்டு,” என்பார். புழு அரித்த ஓட்டைகளைக்கூட எண்ணித்தான் எழுதச் சொல்வார். ரூத் ஒருமுறை ‘சில ஓட்டைகள்’ என்று தட்டியதற்கு ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்தார்.

அந்த நீலத்துணிப் புத்தகம் இங்கிலாந்திலிருந்து வந்தது. விற்றவனுக்கு அது என்ன மொழியென்றே தெரியவில்லை. படத்தைத் தலைகீழாகப் போட்டிருந்தான். தலைகீழாக இருந்தாலும் தமிழ் தமிழ்தானே. அருள்நாதன் ஸ்டூலிலிருந்து எழுந்தே விட்டார். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்திய அச்சு. மிக்கேல் என்ற படகுக்காரன் தன் கதையைச் சொல்லி எழுதவைத்தது. துறைமுகம் கட்டாத காலத்தில் அலை தாண்டிக் கப்பலுக்குச் சரக்கு ஏற்றப் போனவன், கப்பல் அடித்தளத்தில் அசந்து தூங்கிவிட்டான். கண் விழித்தால் கரையைக் காணோம். கப்பல் லண்டனுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

இவ்வளவுதான் அருள்நாதனுக்குத் தெரியும். ஏனென்றால் அந்தப் புத்தகத்தை யாருமே படித்ததில்லை. அந்தக் காலத்தில் பெரிய தாளை மடித்துத் தைத்து அப்படியே கொடுத்துவிடுவார்களாம். வாங்கியவன்தான் மடிப்பைக் கத்தியால் பிளந்து படிக்க வேண்டும். இதைப் பிளக்க ஆள் வாய்க்கவில்லை. பிரிக்காத புத்தகத்துக்கு மதிப்பு மூன்று மடங்கு. அருள்நாதன் நாலு வருஷமாக டார்ச் அடித்து மடிப்புக்குள் எட்டிப் பார்த்தே காலத்தை ஓட்டினார். அப்பளம் மாதிரித் தாள், அதிகம் விரிக்கவும் பயம். பனியைப் பார்த்து மிக்கேல் உப்பென்று நினைத்தது வரை தெரிந்தது. ஊர் திரும்பினானா என்பது தெரியவில்லை.

நுரையீரல் கைவிட்டுப் படுக்கையில் விழுந்த பிறகு, பத்து நாள் முன்னால், அதையும் ஏலத்துக்குப் போடச் சொன்னார். தனக்கப்புறம் அது எடைக்குப் போய்விடக் கூடாது என்றார். ‘மடிப்புகள் பிரிக்கப்படவில்லை’ என்று ரூத்தான் தட்டினாள். ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் நல்ல விலை கேட்டிருந்தார்.

காலையிலிருந்து ரூத்தை அரித்துக்கொண்டிருந்தது இதுதான். கடைசிப் பக்கங்களையாவது பிளந்து, சவப்பெட்டியை மூடுவதற்குள் அப்பாவின் காதில் படித்துவிட வேண்டும். பிளந்தால் அப்பா கொடுத்த வாக்கு பொய்யாகிவிடும். பிளக்காவிட்டால் மனிதர் தெரியாமலே போய்விடுவார். இரண்டையும் அவளால் தாங்க முடியவில்லை.

முன்னறையில் ஜெபமாலை ஓடிக்கொண்டிருந்தது. ரூத் குனிந்து அம்மா ஐரீனின் காதில் கேட்டாள். ஐரீன் மணியை உருட்டுவதை நிறுத்தாமல், “தலகாணி உறைக்குள்ள கீது, பாரு,” என்றாள்.

சுருட்டி வைத்த படுக்கையில் தலையணை உறைக்குள் கையை விட்டால், இருந்தது. ரூத் துணியைப் பிரித்தாள். மடிப்புகள் பிளக்கப்பட்டிருந்தன. வரிசையாக, நேர்த்தியாக, கிட்டத்தட்ட முக்கால் புத்தகத்துக்கு. நடுவே அடையாளத்துக்கு ஒரு சவர பிளேடு.

அம்மாவைக் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்து வந்தாள்.

“இத்த யாரும்மா பிரிச்சது?”

“நான்தான். பிளேடு குடுத்ததே உங்க நைனாதான்.”

“நைனாவா?”

“ஏலத்துல போட்டு ரெண்டு நாளு ஆச்சா, அவருக்குத் தூக்கமே புடிக்கல. நீ ஆபீஸ் போனப்புறம் கூப்ட்டாரு. ‘ஐரீனு, விலையும் வேணாம் ஒரு மண்ணும் வேணாம், படி’ன்னாரு. டெய்லி மூணு மணிக்கு. நான் எயுத்துக்கூட்டி படிக்கறதுக்குள்ள பாதி தூங்கிடுவாரு. ஃபேன கொஞ்சம் கம்மி பண்ணி வெச்சிட்டு வந்துடுவேன்.”

“என்ன ஏம்மா கூப்புடல? நான் கடகடன்னு படிச்சிருப்பேனே?”

“அதுக்குத்தான் கூப்புடல. ஒரு நாளைக்கு ஒரு மடிப்புதான்னு கண்டிசன் பண்ணிட்டாரு. ‘இன்னும் ஒண்ணு பிரிச்சிடட்டா’ன்னு கேட்டா, ‘நாளிக்குன்னு ஒண்ணு வேணாமா’ம்பாரு.”

ரூத்துக்குப் பொறாமையாக இருந்தது. ஐந்து வருஷம் தட்டியவள் அவள். அவர் கதை கேட்டது அம்மாவிடம். அடுத்த நொடியே அந்தப் பொறாமை எங்கே போனதென்று தெரியவில்லை, அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

“அப்ப முடிவு தெரிஞ்சிதான் போனாரா?”

ஐரீன் மூன்று விரலைக் காட்டினாள். “இன்னும் மூணு மடிப்பு கீது. நேத்து மிக்கேலு இலங்கை வரைக்கும் வந்துட்டான்.” அப்போதுதான் நினைவு வந்து தலையில் அடித்துக்கொண்டாள். “ஐயோ ரூத்து, ஏலத்துலேர்ந்து எடுத்துட சொல்லுன்னு அன்னிக்கே சொன்னாருடி. ஆக்சிஜன் சிலிண்டருக்கு அலைஞ்சதுல மறந்தே போயிட்டேன்.”

மணி மூன்று ஐந்து.

சாவு வீட்டுப் பெண் செருப்பு மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினால் நாலு பேர் பார்க்கத்தான் செய்வார்கள். பார்த்தார்கள். கடையை அடைத்துவிட்டு மாலையோடு வந்து உட்கார்ந்திருந்த ஷாகுல் ஹமீது அவள் முகத்தைப் பார்த்ததும் சாவியைத் துழாவிக்கொண்டே எழுந்தார்.

“நைனா மேட்டரா?”

“ஆமா பாய்.”

வேறு கேள்வி இல்லை. ஷட்டரைப் பாதி தூக்கி உள்ளே நுழைந்தார்கள். கம்ப்யூட்டர் உயிர் பெற்று, லைன் கிடைத்து, பக்கம் திறப்பதற்குள் மூன்று முப்பத்திரண்டு. ஸ்காட்லாந்துக்காரரோடு இன்னொருவரும் மோதிக்கொண்டிருந்தார். ஏலத்தை நிறுத்தக் காரணம் சொல்லச் சொன்னது அந்த சைட். பொருள் தொலைந்துவிட்டது, பொருள் சேதமடைந்துவிட்டது, விவரத்தில் பிழை. ‘வீட்டில் படித்துக்கொண்டிருக்கிறார்கள்’ என்றொரு காரணம் பட்டியலில் இல்லை. ரூத் மூன்றையும் இரண்டு தடவை படித்தாள். சேதம் என்று சொல்ல மனசு வரவில்லை. ‘விவரத்தில் பிழை’ என்பதை அமுக்கிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

சவப்பெட்டி வந்துவிட்டிருந்தது. காலுறை கிடைக்காமல் பிராங்கிளின் தன்னுடையதையே கழற்றி அப்பாவுக்குப் போட்டிருந்தான். மூடி போடப் போகும் நேரத்தில் ரூத் அம்மாவிடம் குனிந்தாள்.

“மூணு மடிப்புதானம்மா. நான் பிரிச்சி வேகமா படிச்சிடறேன். அவரு தெரிஞ்சிகினு போவட்டும்.”

ஐரீன் கணவனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “வேணாம்டி. அவசரத்துல கேட்டா அவருக்குப் புடிக்காது,” என்றாள்.

மணி அடிக்க, பேண்டு முழங்க, அருள்நாதன் சந்தை விட்டுப் போனார்.

மறுநாள் மத்தியானம் வாடகை நாற்காலிக்காரன் வந்து நாற்காலிகளை அடுக்கி ஏற்றிக்கொண்டு போனான். பிராங்கிளின் கட்டிலை எடுத்து வந்து பழைய இடத்தில் போட்டுவிட்டு எண்ணூரில் இருக்கும் தன் வீட்டுக்கு பஸ் ஏறினான். வீடு திடீரென்று பெரிதாகிவிட்டது. ரூத் அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள், அம்மாவின் குரல் கேட்டு அறை வாசலுக்கு வந்தாள்.

ஐரீன் கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு மடிப்பைப் பிளந்திருந்தாள். விரலை வரியில் ஓட்டி எழுத்துக்கூட்டிப் படித்தாள். காற்றில்லாமல் கப்பல் மூன்று நாள் நின்றுவிட்டதாம். மிக்கேல் மேல்தளத்தில் நின்று கரை இருக்கும் திசையை மோப்பம் பிடித்துக்கொண்டிருக்கிறானாம். மீன் காயும் வாசம் வருகிறதென்று சத்தியம் செய்கிறானாம். யாரும் நம்பவில்லையாம்.

படித்து முடித்துத் துணியைச் சுற்றினாள்.

“அப்புறம்?” என்றாள் ரூத்.

“நாளிக்கு.”

ஐரீன் எழுந்து சுவர்ப்பக்கம் போய், கட்டிலுக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியை ஒரு புள்ளி குறைத்து வைத்துவிட்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்தினாள்.