ஞாயிற்றுக்கிழமை சூப்பு

“நான் எழுதலைன்னு சொல்றேன்ல அண்ணி—”

“நீ எழுதலைன்னா எழுத்து தானா வந்து உக்காந்துதா—”

“முழுசாச் சொல்ல விடுங்க—”

“என்னத்தைச் சொல்றது, அதான் ஊரே படிச்சு முடிச்சாச்சே.”

சூப்புக் கடையின் சமையலறையில் இரண்டு பேர் எதிரெதிரே நின்றால் நடுவில் ஒரு பானைக்குத்தான் இடம் இருக்கும். பானைக்கு அந்தப் பக்கம் அண்ணி, கையில் கரண்டியுடன். இந்தப் பக்கம் நாத்தனார், பாதி தோல் சீவிய கேரட்டுடன். காய் நறுக்கும் பலகையின் மேல் நாத்தனாரின் கைபேசி வெளிச்சம் காட்டிக்கொண்டு கிடந்தது. நகரத்தில் எங்கே சாப்பிடலாம், எங்கே பார்சல் வாங்கலாம் என்று ஆளாளுக்கு எழுதிப் போடும் பக்கம் அது. அதில் ‘வெறும் வயிறு’ என்ற பெயரில் எவரோ இப்படி எழுதியிருந்தார்:

‘மூலையில் இருக்கும் சூப்புக் கடைக்குப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போங்கள். அன்றைய சூப்பில் ஒரு நிதானம் இருக்கிறது. மற்ற நாட்களில் யாரோ துரத்திக்கொண்டு வருவதுபோல் சமைக்கிறார்கள்.’

ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணி தன் அம்மாவுக்குத் தலை குளிப்பாட்டிவிடப் போய்விடுவாள். அன்றைக்கு மட்டும் அடுப்பு நாத்தனாருடையது. மற்ற நாளெல்லாம் அண்ணிதான் சமையல், நாத்தனார் கையாள்.

“நிதானமாம், நிதானம்,” என்றாள் அண்ணி. “இது யாரு வாயில வர்ற வார்த்தை? போன மாசம் நீதானே சொன்னே, ‘அண்ணி, கொஞ்சம் நிதானமா வதக்குங்க’ன்னு.”

“வெங்காயம் கருகுதேன்னு சொன்னேன். அதுக்காக ஊருக்கு எழுதிப் போடுவேனா?”

“வீட்டுல சொல்லி எடுபடலை, வெளியில சொல்லிப் பாப்போம்னு தோணியிருக்கும்.”

“முந்தாநாள் பிரட் கொண்டு வர்றவர்மேல சந்தேகப்பட்டீங்க. அவர் பாவம், கையெழுத்துப் போடவே கண்ணாடியைத் தேடுவார். நேத்து எதிர்க்கடைக்காரர். இன்னைக்கு நானா?”

“எதிர்க்கடைக்காரனுக்கு உன்னைப் புகழ என்ன தலையெழுத்து? இதுல லாபம் யாருக்குன்னு பாக்கணும்ல.”

முன்பக்கம் கல்லாவில் இருந்த அண்ணன் தலையைத் திருப்பாமலே குரல் கொடுத்தார். “விடுங்களேன். எவனோ வேலையத்தவன் எழுதினது.”

“நீங்க சும்மா இருங்க. உங்களுக்கு எல்லாமே எவனோதான்.”

அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் கடைத் தையல்காரர், கழுத்தில் அளவு நாடாவோடு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். தினமும் இந்நேரத்துக்கு ஒரு கப் வாங்குகிறவர்.

“வழக்கம்போலத்தானே?” என்றார் அண்ணன்.

“இல்லண்ணே, இன்னைக்கு வயிறு சரியில்லை. ஞாயித்துக்கிழமை வந்து வாங்கிக்கறேன்.”

“ஞாயித்துக்கிழமை வயிறு சரியாயிடும்னு இப்பவே தெரியுமாக்கும்,” என்றாள் அண்ணி உள்ளிருந்து. தையல்காரர் நாடாவை இழுத்துவிட்டுக்கொண்டு நழுவினார்.

அண்ணி அடுப்பைத் தணித்தாள். இந்தத் தடவை குரல் ஏறவில்லை, அதுதான் நாத்தனாருக்குக் கலக்கமாக இருந்தது.

“பாத்தேல்ல? நாளையிலேர்ந்து ஒண்ணு நீ நில்லு, இல்ல நான் நிக்கிறேன். ஒரு அடுப்புக்கு ரெண்டு பேரு வேணாம்.”

நாத்தனாருக்கு வேறு அடுப்பு கிடையாது. புகுந்த வீட்டை விட்டு ஒரு பெட்டியோடு வந்தவளை, “அழுததெல்லாம் போதும், கேரட்டைச் சீவு” என்று இதே இடத்தில் நிறுத்தியவள் இந்த அண்ணிதான். நாத்தனார் சமையல் மேலங்கியின் முடிச்சை அவிழ்க்கப் போனாள். அவிழ்த்தால் ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று தோன்றியது. கையைத் துடைத்துக்கொண்டு கைபேசியை எடுத்தாள்.

“போறதுன்னா போறேன். ஆனா திருட்டுப்பட்டம் கட்டிக்கிட்டுப் போகமாட்டேன். படமும் போட்டிருக்கான் பாருங்க. நல்லாப் பாத்துட்டுச் சொல்லுங்க.”

எழுத்துக்குக் கீழே ஒரு படம். கடையின் காகிதக் கப், மூடி திறந்து, ஆவி பறக்க. நாத்தனார் விரல்களால் அதைப் பெரிதாக்கினாள். அண்ணி வேண்டாவெறுப்பாகக் குனிந்தவள், நிமிரவில்லை.

“ஸ்டிக்கர் எங்கே?”

“எந்த ஸ்டிக்கர்?”

“நம்ம ஸ்டிக்கர்தான்.”

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. கல்லாவில் கப் கைமாறும்போது, பாதி மூடியிலும் பாதி கப்பிலுமாகச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித்தான் கொடுப்பார்கள். பசை அப்படிப்பட்டது. மூடியைத் திறந்தால் ஸ்டிக்கர் கிழியும். கப்பில் ஒட்டிய பாதி நகத்தால் சுரண்டினாலும் வராது, காகிதத்தையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டுதான் வரும். வாடிக்கையாளர்கள் அதைப் பற்றிப் புலம்பாத நாளில்லை. படத்தில் இருந்த கப்போ நாலு பக்கமும் மழமழவென்று இருந்தது.

“இது வித்த கப்பு இல்லை,” என்றாள் அண்ணி மெதுவாக. “உள்ளேயிருந்து போன கப்பு.” உடனே நிமிர்ந்து நாத்தனாரைப் பார்த்தாள். “நல்லா மாட்டினே.”

“நானா? அண்ணி, காலையிலேர்ந்து அதையே மோந்துக்கிட்டு நிக்கிறவ நான். என்னைக்காவது நான் ஒரு வாய் குடிச்சுப் பாத்திருக்கீங்களா? எனக்கு ரெண்டு துண்டு பிரட்டுதான், உங்களுக்கே தெரியும்.”

அது உண்மைதான். அண்ணி படத்தை இன்னொரு தடவை பார்த்தாள்.

“அப்ப ஞாயித்துக்கிழமை மீந்ததை யாரு குடிக்கிறது?” என்று கேட்டாள். கேட்டு முடிப்பதற்குள் பதில் அவளுக்கே தெரிந்துவிட்டது. நாத்தனாருக்கும் தெரிந்துவிட்டது.

முன்பக்கம் அண்ணன் சுத்தமாக இருந்த கல்லா மேசையை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க. கொஞ்சம் இப்படி வாங்க.”

“கல்லாவுல ஆள் இல்லையே.”

“அதான் ஞாயித்துக்கிழமை வரைக்கும் எவனும் வரப்போறதில்லையே. வாங்க.”

துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு வந்தார். உள்ளே மூன்றாவது ஆளுக்கு இடமில்லாததால் வாசற்படியிலேயே நின்றார். நாத்தனார் கைபேசியைத் திருப்பிக் காட்டினாள்.

“நம்ம கடை நல்லதுக்குத்தான்,” என்றார்.

“அண்ணா.”

“ஞாயித்துக்கிழமை ஒரு ஈ காக்கா வர்றதில்லை. பானையோட மீந்து போகுது. நாலு பேரு வரட்டுமேன்னு ரெண்டு வார்த்தை போட்டேன். இப்ப வர்றாங்கல்ல?”

“‘மட்டும்’னு எதுக்குண்ணா போட்டே?”

“ஒரு வேகத்துல வந்துடுச்சு.”

“மூணு நாளா அண்ணி ஒவ்வொருத்தரா சந்தேகப்பட்டு, இன்னைக்கு என்னைப் போட்டு வறுத்து எடுக்கறாங்க. நீ அங்க உக்காந்து கேட்டுக்கிட்டுத்தானே இருந்தே?”

அவர் துணியை மறு பக்கம் மடித்தார். “இன்னைக்கு அடங்கிடும், நாளைக்கு அடங்கிடும்னு பாத்தேன்மா.”

அண்ணி நாத்தனாரின் கையிலிருந்து கைபேசியை வாங்கி, அந்த வரிகளை இன்னொரு முறை, பொடி எழுத்துக்குக் கண்ணைச் சுருக்கிப் படித்தாள்.

“‘யாரோ துரத்திக்கொண்டு வருவதுபோல்.’ இதுவும் வேகத்துல வந்ததா?”

“அது ஒரு இதுக்குப் போட்டது. ஒரு பக்கம் குறை சொன்னாத்தான் படிக்கிறவன் நம்புவான். பூராவும் புகழ்ந்து எழுதினா, கடைக்காரனே எழுதினதுன்னு கண்டுபிடிச்சிடுவான்.” அவர் சிரிக்கப் பார்த்தார். நாத்தனார் சிரிக்கவில்லை. பாதியில் விட்ட கேரட்டை எடுத்தாள், சீவாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

அண்ணி பானையின் மூடியைத் திறந்து பார்த்தாள். ஒரு தடவை கிளறினாள். முதுகைக் காட்டியபடியே கேட்டாள்:

“படிக்கிறவனை விடுங்க. தினம் ராத்திரி ரெண்டு கப் குடிச்சிட்டு, பிரமாதம்னு சொல்லிட்டுப் படுப்பீங்களே, நான் கேக்கறேன். மத்த நாள் சூப்பு எப்படி இருக்கு?”